நகையை அடகு வைத்துப் புத்தகம் போடலாமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். பத்துக் கதைகள் எழுதியதில் இரண்டு சிற்றிதழ்களில் வந்தன. 35,000 ரூபாய் கட்டினால் தொகுப்பாகப் போட்டுத் தருவதாக ஒரு பதிப்பாளர் சொல்கிறார். புத்தகம் இல்லாதவளை எழுத்தாளர் என்று யார் ஒப்புக்கொள்வார்கள்? நகையை அடகு வைக்கலாமா? அச்சான ஒரு கதையை இணைத்திருக்கிறேன்.
- வாசகி, திருப்பூர்

பதில்: நகை பெட்டியிலேயே இருக்கட்டும். பணத்தை உங்களிடம் முன்கூட்டியே வாங்கிவிட்டவருக்குப் புத்தகத்தை விற்கும் கவலை எதற்கு? கட்டுக்கட்டாக உங்கள் கட்டிலுக்கு அடியில்தான் வந்து சேரும். பணமே கேட்காதவர் வந்தாலும், உரிமையை எத்தனை ஆண்டுக்குக் கொடுக்கிறீர்கள் என்று பார்த்தே கையெழுத்துப் போடுங்கள். ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால், 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஐந்து ஆண்டுகள்தான். ‘நிரந்தரமாக’ என்று எழுதியிருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

புத்தகம் இல்லாவிட்டால் எழுத்தாளர் இல்லையா? சிறுகதை எழுத்தாளர் மௌனியின் கதைகள் 1936 முதல் ‘மணிக்கொடி’ இதழில் வரத் தொடங்கின. முதல் தொகுப்பு வந்தது 1959-இல். அவரைச் சிறுகதையின் திருமூலர் என்று சொன்ன புதுமைப்பித்தன் 1948-இலேயே காலமாகிவிட்டார். தொகுப்பைப் பார்த்தா சொன்னார்? மௌனி வாழ்நாளில் எழுதியதே இருபத்து நான்கு கதைகள் அளவுக்குத்தான்; பிழைப்புக்குச் சிதம்பரத்தில் அரிசி ஆலை நடத்தினார்.

இனி உங்கள் கதைக்கு வருகிறேன். என்னைக் கேட்டால், கடிதத்தில் இதைப் பற்றித்தான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். ஒன்றரை ஷிப்ட் முடித்துவிட்டு பஸ்ஸில் நிற்கும் அந்தப் பெண், முன்னால் இருப்பவரின் காலரில் பிசிறு நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறாள். கை தானாக எழுகிறது, சட்டென்று இழுத்துக்கொள்கிறாள். அந்த இடம் அருமை. செக்கிங் மேஜையில் நின்றவரால்தான் எழுத முடியும். ஆனால் அடுத்த பத்தியிலேயே அவளை அழவைத்து, ‘ஏழைகளின் வாழ்க்கை இப்படித்தான்’ என்று நீங்களே தீர்ப்பும் சொல்லிவிடுகிறீர்கள். இழுத்துக்கொண்ட கை சொல்லாததையா அந்தக் கண்ணீர் சொல்லிவிடப்போகிறது? தொடக்கத்தில் வரும் அந்தி வானமும் இரவல் வானம். எந்த ஊர்க் கதையிலும் ஒட்டும்.

அச்சாகிவிட்டதே என்று பார்க்காமல், இரண்டு பத்திகளையும் அடித்துவிட்டுத் திரும்ப எழுதுங்கள். மீதி ஒன்பது கதைகளிலும் யார் அழுகிறார்கள் என்று தேடிப் பாருங்கள். யாராவது உங்களை எழுத்தாளர் என்று அறிமுகப்படுத்தினால் தாராளமாகத் தலையாட்டுங்கள். பதிப்பாளருக்கு மட்டும் இந்த வாரமே ‘வேண்டாம்’ என்று எழுதிப் போட்டுவிடுங்கள். போனில் பேசினால் உங்களைக் கரைத்துவிடுவார்.