முட்டுக்காட்டு விராலடிப்பானும் கேமராக் கூடும் – கடிதம்

வணக்கம்.

ஜூன் முதல் வாரம் முட்டுக்காடு காயலில் விராலடிப்பான் (ஆஸ்ப்ரே என்னும் மீன் பிடிக்கும் வேட்டைப் பறவை) ஒன்றைப் பார்த்தேன். குளிர்கால விருந்தாளி என்கிறார்கள். ஜூனிலும் இருக்கிறதென்றால் இங்கேயே கூடு கட்டுகிறதா? இன்னொன்று: வேல்ஸ் நாட்டுக் கூடு ஒன்றை நேரலை கேமராவில் தொடர்ந்து பார்க்கிறேன். மூத்த குஞ்சு கடைக்குட்டியைக் கொத்திக்கொண்டே இருக்கிறது, தாய் தடுப்பதே இல்லை. பார்க்கப் பதறுகிறது.

வாசகி, வேளச்சேரி

அன்புள்ள வாசகிக்கு,

கூடு இல்லை. விராலடிப்பான் செப்டம்பர், அக்டோபரில் வந்து மார்ச், ஏப்ரலில் வடக்கே திரும்பிவிடும். ஆனால் அந்த வருடம் முதன்முறையாக வந்த இளம்பறவை திரும்பாது. முதல் கோடையை இங்கேயே கழிக்கும். இரண்டு, மூன்று வயதில்தான் பிறந்த பக்கம் போகும். நீங்கள் பார்த்தது பெரும்பாலும் அப்படி ஒன்று. வந்த புதிதில் இளசுகளின் முதுகுச் சிறகுகளில் வெளிறிய ஓரம் இருக்கும். ஜூனுக்குள் அது தேய்ந்துவிடும், எனவே அதை வைத்து வயதை முடிவு செய்யாதீர்கள். கேமராக் கூட்டுக்கும் இதற்கும் உறவில்லை. பிரிட்டன் பறவைகள் குளிர்காலத்துக்கு மேற்கு ஆப்பிரிக்கா போகின்றன.

இனி அந்தச் சண்டை. முட்டைகள் ஒன்று முதல் மூன்று நாள் இடைவெளியில் இடப்படுகின்றன. தாய் முதல் முட்டையிலிருந்தே அடைகாக்கத் தொடங்கிவிடுவதால், சுமார் 37 நாள் கழித்துப் பொரிப்பதும் அதே இடைவெளியில்தான். மூத்தது பொரித்து நாலைந்து நாள் வளர்ந்த பிறகே மூன்றாவது வெளியே வரும். தாயோ, அருகில் வந்து வாய் திறப்பதற்கு ஊட்டுவாள். பங்கு பிரித்துக் கொடுப்பது அவள் வேலையில்லை.

கொத்தலுக்குக் காரணம் பெரும்பாலும் பசி. ஆகவே குஞ்சுகளைப் பார்ப்பதைவிட மீனைப் பாருங்கள். ஒரு நோட்டில் மூன்றே குறிப்பு போதும்: மீன் வந்த நேரம், அதன் அளவு, ஊட்டி முடிந்ததும் கடைக்குட்டியின் தீனிப்பை (தொண்டைக்குக் கீழே உணவு சேரும் பை) புடைத்திருக்கிறதா. தீனிப்பை நிறைந்திருந்தால் எத்தனை கொத்து வாங்கினாலும் கவலையில்லை. ஒரு பகல் முழுக்க அது தட்டையாகவே இருந்தால்தான் ஆபத்து. மீன் தலையில்லாமல் வந்தால் குறை சொல்ல வேண்டாம். தந்தை முன்பகுதியைத் தின்றுவிட்டுத்தான் பெரும்பாலும் கொண்டுவருவான்.

முதல் சில வாரம் வேட்டை முழுக்க அவன் பொறுப்பு. குஞ்சுகளால் தம் உடல் சூட்டைக் காத்துக்கொள்ள முடியாத அந்தப் பருவத்தில் தாய் நகர முடியாது. அப்போது விடாமழை பிடித்தால் இரட்டை அடி. காற்றில் அலையடித்து நீர் கலங்கினால் மேலிருந்து மீன் தெரியாது. தாய் எழுந்தால் குஞ்சு நனைந்து விறைக்கும். 2012 ஜூனில் வேல்ஸின் டவி முகத்துவாரக் கூட்டில் நடந்தது அதுதான். புயல் மழையில் மூன்றில் இரண்டு குஞ்சுகள் இறந்தன; மூன்றாவதை மனிதர்கள் தலையிட்டுக் காப்பாற்றினார்கள். அப்படித் தலையிடுவது அபூர்வம். கேமரா நடத்துபவர்களுக்குக் கெஞ்சிக் கடிதம் எழுதுவதில் பயனில்லை. (அந்த முகத்துவாரத்தில் பிடிபடும் மீன்களில் மடவையும் உண்டு, நம் காயலில் கிடைப்பது போலவே.)

நாலு வாரம் தாண்டினால் சண்டை பெரும்பாலும் அடங்கிவிடும். ஐந்து, ஆறு வாரத்தில் காலில் அடையாள வளையம் மாட்டுவார்கள். நீல வளையம் வலக்காலில் என்றால் இங்கிலாந்து அல்லது வேல்ஸ், இடக்காலில் என்றால் ஸ்காட்லாந்து. ஏறக்குறைய 50 முதல் 55 நாளில் முதல் பறத்தல். அதன்பின் கூடு காலியாகத் தெரிந்தால் பதறாதீர்கள். சாப்பாட்டுக்குத் திரும்பி வரும். ஆகஸ்டில் பெரும்பாலும் தாய்தான் முதலில் புறப்படுவாள், தந்தை தங்கி ஊட்டுவான். பிள்ளைகள் யார் துணையுமின்றித் தனித்தனியே கிளம்பும்.

நேரம்: கோடையில் அங்கே நம்மைவிட நாலரை மணி நேரம் பின்தங்கியது. அங்கே விடிந்து முதல் மீன் வரும் வேளை நமக்குக் காலை 9 மணிக்கு மேல். சமையலை முடித்துவிட்டு உட்கார்ந்தால் சரியாக இருக்கும்.