எத்தனாலுக்கும் டைமெத்தில் ஈதருக்கும் ஒரே வாய்பாடுதானே? பிறகு ஏன் கொதிநிலையில் 100 டிகிரி வித்தியாசம்? ஈதர்கள் தண்ணீரில் கரையாதது இதனால்தானா?

முதல் இரண்டு கேள்விகள் சரி. மூன்றாவதில்தான் சிக்கல், ஏனென்றால் ஈதர்கள் தண்ணீரில் கரையாது என்பதே முழு உண்மை இல்லை.

இரண்டிலும் 2 கார்பன், 6 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன். மூலக்கூறு நிறை 46. எத்தனால் 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது, டைமெத்தில் ஈதரோ மைனஸ் 25-இலேயே ஆவியாகிவிடுகிறது. மூலக்கூறுகளை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிப்பது ஹைட்ரஜன் பிணைப்பு; அது உருவாக, கொடுக்க ஒரு ஹைட்ரஜனும் வாங்க ஓர் எலக்ட்ரான் இணையும் வேண்டும். எத்தனாலில் ஆக்சிஜனோடு நேரடியாக ஒட்டிய ஹைட்ரஜன் இருக்கிறது, அதனால் கொடுக்கவும் முடியும், வாங்கவும் முடியும். ஈதரில் ஆக்சிஜன் இரு கார்பன்களுக்கு நடுவே இருக்கிறது, எல்லா ஹைட்ரஜனும் கார்பனில் இருக்கிறது. அதனால் வாங்க மட்டுமே முடியும். எல்லாரும் வாங்குபவர்களாகவே இருக்கும் கூட்டத்தில் கொடுக்கல் வாங்கல் நடக்காது. மூலக்கூறு நிறை 74 கொண்ட 1-பியூட்டனால் 118 டிகிரியிலும் டைஎத்தில் ஈதர் 35-இலும் கொதிப்பதற்கும் இதுவே காரணம். அந்த 35, ஆக்சிஜனே இல்லாத பென்டேனின் 36-ஐ ஒட்டியே நிற்கிறது.

ஆனால் தண்ணீரில் போட்டால் கதை வேறு. கொடுக்கும் வேலையைத் தண்ணீர் செய்துவிடும், ஈதர் வாங்கினால் போதும். அதனால்தான் 1-பியூட்டனாலும் டைஎத்தில் ஈதரும் 100 மில்லி தண்ணீரில் ஏறத்தாழ ஒரே அளவில், 7 கிராம் வாக்கில், கரைகின்றன. டெட்ராஹைட்ரோஃபியூரான் என்ற வளைய வடிவ ஈதரிலும் 4 கார்பன்தான்; அது எந்த விகிதத்திலும் தண்ணீரோடு கலக்கும். வளையமாக மடங்கிய கார்பன்கள் பின்னால் ஒதுங்குவதால், ஆக்சிஜனின் எலக்ட்ரான் இணைகள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கின்றன.

கார்பன் சங்கிலி கிளைத்தாலும் கொதிநிலை மாறும். 1-பியூட்டனால் 118, 2-பியூட்டனால் 99, மூவிணைய பியூட்டனால் (ஆக்சிஜன் ஒட்டிய கார்பன் வேறு மூன்று கார்பன்களோடு இணைந்தது) 82 டிகிரி. உருண்டையாகும்போது மூலக்கூறுகள் உரசும் பரப்பு குறைகிறது, ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் தொகுதியும் நெருக்கடியில் மாட்டுகிறது. ஆனால் உருகுநிலை இதே வரிசையில் போகாது: மூவிணைய பியூட்டனால் 25 டிகிரியை ஒட்டி உருகும், அதாவது குளிரான அறையில் பாட்டிலிலேயே கட்டியாகிவிடும். சமச்சீரான வடிவம் படிகத்தில் கச்சிதமாக அடுக்கிக்கொள்கிறது.

ஆய்வகத்தில் ஆல்கஹாலுக்கும் ஈதருக்கும் உள்ள வேறுபாட்டைச் சோடியம் போட்டுப் பார்க்கலாம். ஆல்கஹால் ஹைட்ரஜன் வாயுவைக் குமிழிடும், ஈதர் சும்மா இருக்கும். பலர் ஏமாறுவது சோதிக்கும் திரவத்தில் இருக்கும் ஈரத்தால், ஏனெனில் தண்ணீரும் குமிழிடும். முதலில் உலர்த்த வேண்டும். அதிலும் ஆல்கஹாலுக்குக் கால்சியம் குளோரைடு வேண்டாம், அது ஆல்கஹாலோடே சேர்மம் உண்டாக்கும். நீரற்ற மெக்னீசியம் சல்பேட் போதும். ஆல்கஹால் வகைகளைப் பிரித்தறிய, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் துத்தநாகக் குளோரைடும் சேர்த்துச் செய்யும் லூக்காஸ் சோதனையில் மூவிணைய ஆல்கஹால் உடனே கலங்கும், ஈரிணையம் சில நிமிடங்களில், ஓரிணையம் அறை வெப்பநிலையில் கலங்காது. பென்சைல் ஆல்கஹால் ஓரிணையமாக இருந்தும் உடனே கலங்கும், ஏனெனில் உருவாகும் கார்பன் நேர்மின் அயனியை பென்சீன் வளையம் தாங்குகிறது.

ஈதர் வினைபுரியாதது என்ற நம்பிக்கைதான் ஆபத்து. ஆக்சிஜனுக்கு அடுத்த கார்பனில் ஹைட்ரஜன் இருந்தால், காற்றும் வெளிச்சமும் பட்டுப் பெராக்சைடு உருவாகும். டைஐசோபுரொப்பைல் ஈதர் இதில் மிக மோசம். மெத்தில் மூவிணைய பியூட்டைல் ஈதரில் இது மிகவும் குறைவு. 1 மில்லி ஈதரை, 0.1 கிராம் பொட்டாசியம் அயோடைடு கலந்த 1 மில்லி தூய அசிட்டிக் அமிலத்தில் விடுங்கள். மஞ்சளானால் பெராக்சைடு இருக்கிறது, பழுப்பானால் நிறையவே இருக்கிறது. அந்த ஈதரைக் காய்ச்சி வடிக்கக் கூடாது, ஏனெனில் பெராக்சைடு ஆவியாகாமல் அடியில் செறிந்து வெடிக்கும். பழைய பாட்டிலில் படிகம் கண்ணில் பட்டால் சோதனைகூட வேண்டாம், மூடியைத் திருகவும் வேண்டாம். தொடாமல் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்.