கேளுங்க சொல்றேன்: ஒகினாவாகாரங்க வசதியா, வறுமையா?

போன இதழ்ல போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன், "ஜப்பான்லயே வருமானம் கம்மியான மாகாணம் ஒகினாவா, ஆனா ஹவாய்க்குப் போன ஒகினாவாகாரங்க பேரன் பேத்திங்க வசதியா இருக்காங்க"ன்னு. அவ்ளோதான், வாட்ஸ்அப்லயும் கவர்லயும் கேள்வி குவிஞ்சிடுச்சு. அதனால இந்த வாட்டி சினிமா கேள்விக்கெல்லாம் லீவு.

வில்லிவாக்கம் வாசகர்: என் மாப்பிள்ளை ஹொனலூலுல இருக்கார். அங்க ஹிகா, ஓஷிரோன்னு பேர் வச்ச ஒகினாவா ஆளுங்கதான் டாக்டர், வக்கீல், ஹோட்டல் ஓனர்னு சொல்றார். ஆனா ஒரகடத்துல நான் வேலை பார்த்த கம்பெனில இருந்த ஜப்பான் மேனேஜர் "ஒகினாவாவா, பாவம் ஏழை ஊரு"ன்னு உச்சு கொட்டுவார். எது சார் நிஜம்?

ரெண்டுமே நிஜம்தான் சார். ஒகினாவா ஒரு காலத்துல ரியூக்யூன்னு தனி ராஜ்யம், 1879ல ஜப்பான் அதை எடுத்துக்கிட்டு மாகாணமாக்கிடுச்சு, பாஷை வேற, சாப்பாடு வேற, பொம்பளைங்க கையில பச்சை குத்திக்கிற வழக்கம் உண்டு, அதை 1899ல சட்டம் போட்டு நிறுத்தினாங்க. அதே 1899 டிசம்பர்லதான் தோயாமா க்யூசோன்னு ஒருத்தர் ஏற்பாட்டுல 27 பேர் ஒகினாவா தலைநகர் நாஹாலேர்ந்து கப்பல் ஏறினாங்க, 1900 ஜனவரில ஹொனலூலு, அங்கேர்ந்து எவா கரும்புத் தோட்டம். நம்மாளுங்க இலங்கைக்கும் மலேயாவுக்கும் போன கதைதான், கங்காணிக்கு அங்க பேர் லூனா, அவ்ளோதான் வித்தியாசம்.

இதுல ஒண்ணு கவனிங்க. மத்த ஜப்பான்காரங்க 1885லயே அரசாங்க ஒப்பந்தத்துல கூட்டம் கூட்டமா ஹவாய் போயாச்சு, அதனால ஒகினாவாகாரன் போய் இறங்கறப்போ வெள்ளைக்கார முதலாளிக்குக் கீழ ஜப்பான்காரன், அவனுக்கும் கீழ இவன். பாஷை புரியல, பச்சை குத்தின கையைப் பார்த்து சிரிப்பு, "பன்னிக்குக் கழனி எடுக்கறவன்"னு பிள்ளைங்க பின்னாடியே பாட்டு பாடிக் கிண்டல். உண்மையிலயே நிறைய பேர் பன்னிதான் வளர்த்தாங்க, வீடு வீடா ஹோட்டல் ஹோட்டலா போய் மிச்சம் மீதி எடுத்துட்டு வந்து போடணும், மத்தவன் கௌரவம் பார்த்து தொடாத தொழில். 1941ல ஹவாய்ல இருக்கிற பேர்ல் ஹார்பர் மேல ஜப்பான் குண்டு போட்டுது, அப்புறம் ஊர் பூரா அமெரிக்க சிப்பாய், கறிக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் டிமாண்ட் எகிறிடுச்சு, யார் கையில பன்னி இருந்துது, யார் கையில சாப்பாட்டுக் கடை இருந்துது? ஓரோக்குன்னு ஒரே கிராமத்து ஆளுங்க மட்டுமே ஹொனலூலுல அத்தனை ரெஸ்டாரன்ட் நடத்தினாங்க, ஒருத்தன் கடைல வேலை கத்துக்கிட்டு அடுத்தவன் கடை போடுவான். சென்னை பீச் ஸ்டேஷன் எதிர்ல அத்தோ, மொய்ங்கான்னு பர்மா நூடுல்ஸ் விக்கிற தள்ளுவண்டிக்காரங்களைப் பார்த்திருப்பீங்களே, பர்மாலேர்ந்து வெறுங்கையோட வந்தவங்க குடும்பம், அதே மாதிரி ஒருத்தர் தோளைப் புடிச்சு ஒருத்தர். ஜிப்பீஸ் ரெஸ்டாரன்ட்னு உங்க மாப்பிள்ளையைக் கேளுங்க, ஹவாய்ல தெரியாதவங்க கிடையாது, 1966ல ஹிகா அண்ணன் தம்பிங்க ஆரம்பிச்சது. 2014ல டேவிட் இகே கவர்னரே ஆயிட்டார், அமெரிக்காவுல கவர்னரா ஜெயிச்ச முதல் ஒகினாவா வம்சாவளி ஆள் அவர்தான்.

இப்ப உங்க மேனேஜர் சொன்ன பக்கம். 1920கள்ல சர்க்கரை விலை விழுந்து ஊரே பஞ்சத்துல கிடந்துது, சோறு கிடைக்காம சைகஸ் மரத்தைத் தின்னாங்க. நம்ம அபார்ட்மென்ட் வாசல்ல பெரிய தொட்டில அழகுக்கு வச்சிருப்பாங்களே, சாட்சாத் அதேதான். அது விஷம், ஊறவச்சு அலசி காயவச்சு பக்குவமா செய்யலேன்னா ஆள் காலி. 1945ல அமெரிக்காவும் ஜப்பானும் அங்க போட்ட சண்டைல சிவிலியன்ல நாலுல ஒருத்தர் செத்துப்போனாங்க. அப்புறம் 1972 மே 15 வரைக்கும் அமெரிக்கா ஆட்சி. இன்னிக்கும் ஜப்பான் நிலத்துல 0.6 சதவீதம்தான் ஒகினாவா, ஆனா ஜப்பான்ல அமெரிக்க ராணுவத்துக்குன்னே ஒதுக்கின இடத்துல சுமார் 70 சதவீதம் அங்கதான், நட்ட நடு ஊர்ல நல்ல சமதரையா பார்த்து எடுத்து வச்சிருக்காங்க. டூரிஸ்ட் வருஷத்துக்கு ஒரு கோடி பேர் வரைக்கும் வந்துட்டுப் போறாங்க, பெரிய ஹோட்டல் நிறைய வெளியூர் முதலாளிது, இந்தப் பக்கம் வந்த காசு அந்தப் பக்கம் டோக்கியோவுக்குப் போயிடும். இதுக்கு அங்கயே ஒரு பேர் வச்சிருக்காங்க, ஸாரு கெய்ஸாய்னு, அதாவது சல்லடைப் பொருளாதாரம். தலைக்கு வருமானம் ஜப்பான் சராசரில முக்கால் பங்கைத் தாண்டறதே கஷ்டம். 2016ல மாகாண அரசே எடுத்த கணக்குல குழந்தைங்கள்ல 29.9 சதவீதம் வறுமைல, நாடு பூராவுக்கும் எடுத்தா 16.3தான்.

அசோக் நகர் வாசகி (எம்.ஏ. எகனாமிக்ஸ்): குடியேறினவங்களையும் ஒகினாவா வம்சாவளியையும் பொருளாதார ரீதியா ஒப்பிட்டு அசைன்மென்ட் எழுதச் சொல்லியிருக்காங்க. எந்த டேட்டா எடுக்கறது?

டேட்டா எடுக்கறதுக்கு முன்னாடி யாரோட யாரை ஒப்பிடறீங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்கம்மா, பாதி அசைன்மென்ட் அங்கயே முடிஞ்சிடும். "குடியேறினவங்க"ன்னா வேற நாட்டுல பொறந்து வந்தவங்க. "வம்சாவளி"ன்னா நாலாவது தலைமுறை கூட அதுல அடக்கம். நேத்து கொல்கத்தாலேர்ந்து கோரமண்டல் எக்ஸ்பிரஸ்ல வந்து இறங்கி மெட்ரோ வேலைக்குப் போற பையனையும், சௌகார்பேட்டைல நாலு தலைமுறையா கடை வச்சிருக்கிற சேட் வீட்டுப் பிள்ளையையும் பக்கத்துல நிக்க வச்சு "ரெண்டு பேரும் வடக்குலேர்ந்து வந்தவங்கதானே, ஏன் இவனுக்கு மட்டும் கார்"னு கேட்டா சிரிப்பாங்களா மாட்டாங்களா. அதே அபத்தத்தை டேபிள் போட்டு எழுதினா ஆராய்ச்சின்னு ஒத்துக்கறாங்க, என்னத்தைச் சொல்ல.

அடுத்தது, ஆளைக் கண்டுபிடிக்கறதே பெரும்பாடு. ஜப்பான் சென்சஸ்ல எந்த நாட்டுப் பிரஜைன்னுதான் கேப்பாங்க, இனம் கேக்கறதில்ல, ஒகினாவாகாரன் அதுல வெறும் ஜப்பான்காரன். அமெரிக்காவுல எழுதலாம், "ஒகினாவன்"னு எழுதினா அப்படியே எண்ணுவாங்க, ஆனா நிறைய பேர் ஜப்பானீஸ் கட்டத்தை டிக் பண்ணிட்டுப் போயிடுவாங்க. சரி, பேரை வச்சு புடிக்கலாம்னு பார்த்தா, ஒகினாவாலேர்ந்து ஒசாகாவுக்குப் பிழைக்கப் போனவங்க "கொரியாகாரனுக்கும் ரியூக்யூகாரனுக்கும் இடமில்லை"ன்னு போர்டு தொங்கின காலத்துல பேரோட உச்சரிப்பையே மாத்திக்கிட்டாங்க.

வருமானத்துல ஒரு பொறி இருக்கு, அதுல மாட்டிக்காதீங்க. குடும்ப வருமானம் வேற, தலைக்கு வருமானம் வேற. ஹவாய்ல வீட்டு வாடகை பயங்கரம், அதனால தாத்தா பாட்டி, கல்யாணமான பையன் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழ இருக்கிற வீடு நிறைய. கொரட்டூர்ல ஒரே வீட்டுல நாலு சம்பளம் வருதுன்னு வைங்க, மொத்தமா 1 லட்சம், ஆனா தின்றது ஒன்பது வாய். பக்கத்து பிளாட்ல ஐ.டி. பொண்ணு தனியா 80,000 வாங்குது. யாரு வசதின்னு சொல்லுங்க பார்ப்போம். வயசையும் பாருங்க, புதுசா வந்தவங்க 25, 30 வயசு, பழைய வம்சாவளில ரிட்டயர் ஆனவங்க அதிகம், அவங்க சம்பளம் சைபர், ஆனா வீடு சொந்தம், கடன் கிடையாது. சம்பளத்தை மட்டும் பார்த்தா தாத்தா ஏழை ஆயிடுவார்.

வியாசர்பாடி வாசகர்: பேங்க் லோன் கொடுக்காத காலத்துல அந்த ஜனங்க கடை போட முதல் எங்கேர்ந்து புரட்டினாங்க?

சீட்டுதான் அண்ணே! நிஜமா. ஒகினாவாவுல அதுக்கு மொஆய்னு பேர், ஹவாய்ல ஜப்பான்காரங்க வழக்குல தனோமோஷி. பத்து இருபது பேர் சேர்ந்து மாசா மாசம் ஒரு தொகை போடுவாங்க, மொத்தத்தையும் ஒரு ஆள் எடுப்பார், அவசரம் இருக்கிறவர் ஒரு தொகையைத் தள்ளுபடி பண்ணிட்டு முன்னாடியே எடுப்பார், பொறுமைசாலிக்குக் கடைசில லாபம்.

எங்க பெரியம்மா மூலக்கொத்தளத்துல 20 பேர் சீட்டு நடத்தினாங்க, ஆளுக்கு 500, மாசம் 5ஆம் தேதி சாயங்காலம் திண்ணைல பாய் விரிச்சு, நடுவுல ஒரு எவர்சில்வர் டப்பா, நீளமான கோடு போட்ட நோட்டு, நோட்டுக்குள்ள கார்பன் பேப்பர். "நான் 1,200 தள்ளி எடுக்கறேன்"னு ஒருத்தர், "1,500"னு இன்னொருத்தர், பெரியம்மா கண்ணாடிக்கு மேல பார்த்து "பொண்ணு கல்யாணத்துக்குக் கேக்குது, விடுங்கப்பா"ம்பாங்க, உடனே மத்தவங்க வாயை மூடிக்குவாங்க. அந்தக் கடைசி வாக்கியம் இருக்கு பாருங்க, அதை எந்த பேங்க் மேனேஜராலயும் சொல்ல முடியாது. யார் கட்டுவான் யார் டிமிக்கி கொடுப்பான்னு தெருவுக்கே தெரியும். ஹொனலூலுல ஒரே கிராமத்து ஆளுங்கதான் ஒரே சீட்டுல, ஏமாத்திட்டு எங்க ஓடறது, ஊர்ல அப்பா அம்மா தலை குனியணுமே. ஒகினாவாவுல இன்னிக்கும் ஆபீஸ் ஃபிரெண்ட்ஸ், பழைய கிளாஸ்மேட்னு மொஆய் போட்டு மாசம் ஒரு நாள் கூடிக் குடிச்சிட்டு வர்றாங்க, காசை விட அரட்டைக்குத்தான் அது இப்ப.

இன்னொண்ணு சொல்லியே ஆகணும். போர்ல ஒகினாவாவுல இருந்த பன்னியெல்லாம் கிட்டத்தட்ட அழிஞ்சுபோச்சு, ஹவாய் ஆளுங்க காசு வசூல் பண்ணி 550 பன்னி வாங்கி, 1948ல அமெரிக்காவுல போர்ட்லாண்டுலேர்ந்து கப்பல்ல ஏத்தி அனுப்பினாங்க, கூடவே ஏழு பேர் காவலுக்கு, புயல்ல மாட்டி எப்படியோ கொண்டுபோய் சேர்த்தாங்க. எந்தப் பன்னியைச் சொல்லி கேலி பண்ணாங்களோ அதே பன்னி.

முகப்பேர் வாசகர்: உழைப்பு ரத்தத்துலயே ஊறியிருக்கணும், அதான் அவங்க எங்க போனாலும் ஜெயிக்கிறாங்க. சரிதானே?

தப்பு. ரத்தம்னா போற இடமெல்லாம் ஒரே மாதிரி இருக்கணுமே. 1954ல ஒகினாவாலேர்ந்து பொலிவியாவுக்குக் குடும்பம் குடும்பமா போனாங்க, குடும்பத்துக்கு 50 ஹெக்டேர்னு பேச்சு. போன இடத்துல பேர் தெரியாத ஜுரம், 15 பேர் செத்தாங்க, இடம் மாறினாங்க, அப்புறம் வெள்ளம், நிறைய பேர் பிரேசில், அர்ஜென்டினான்னு கிளம்பிட்டாங்க. மிஞ்சினவங்க கைல நிலம் சேர்ந்துது, சோயா, கோதுமைன்னு போட்டு பெரிய மிராசுதார் ஆனாங்க, உள்ளூர் பொலிவியா ஆளுங்க அவங்ககிட்ட கூலிக்கு வேலை செய்யறாங்க. அந்த வீட்டுப் பிள்ளைங்களே ஜப்பானுக்குப் போய் யோகோஹாமா பக்கம் சுருமில எலெக்ட்ரிக் வயரிங் வேலை பார்க்கறாங்க, ஹெல்மெட் போட்டுக்கிட்டு சீலிங்ல கேபிள் இழுத்துக்கிட்டு. அங்க சின்ன முதலாளி, இங்க கூலி, ஜப்பான்ல அவங்க "தென் அமெரிக்காகாரங்க". ரத்தம் ஒண்ணுதான், கையில நிலம் இருக்கா, பேப்பர் இருக்கா, பாஷை தெரியுமாங்கறது மாறிடுச்சு.

1990ல ஜப்பான் சட்டத்தைத் திருத்தி வம்சாவளி ஆளுங்களுக்கு விசா தந்து ஃபேக்டரிக்குக் கூப்பிட்டுது, 2009ல வேலை இல்லேன்ன உடனே "3 லட்சம் யென் தர்றோம், ஊருக்குப் போங்க"ன்னுடுச்சு. பாட்டன் ஊர்ல பேரனுக்குக் கிடைச்ச மரியாதை.

மந்தைவெளி வாசகி: காசு இல்லேன்னா என்ன, ஒகினாவாவுல எல்லாரும் 100 வயசு வாழறாங்களாமே?

அது சக்கரவள்ளிக் கிழங்கு தின்ன தலைமுறைம்மா. பர்கர் தின்ன தலைமுறைக்கு அந்தக் கணக்கு சரியா வரல, ஆம்பளைங்க ஆயுள்ல 1995ல ஜப்பான்லயே 4வது இடம், 2000ல 26வது. அங்க அதுக்கு "26 ஷாக்"னே பேர்.

துரைப்பாக்கம் வாசகர்: என் பையனை ஒகினாவாவுல ஜப்பானிய மொழிப் பள்ளில சேர்த்துவிடறதா ஒரு ஏஜென்ட் சொல்றார். பார்ட் டைம் வேலைலயே ஃபீஸ், சாப்பாடு, ரூம் எல்லாம் போக மாசம் 40,000 ரூபா வீட்டுக்கு அனுப்பலாமாம். நம்பலாமா?

கணக்கு போட்டுப் பார்த்துடுவோம் சார். ஸ்டூடன்ட் விசால கிளாஸ் நடக்கிற காலத்துல வாரத்துக்கு 28 மணி நேரம்தான் வேலை. 2024ல ஒகினாவா குறைஞ்சபட்ச கூலி மணிக்கு 952 யென், டோக்கியோவுல 1,163. பெருக்குங்க, வாரம் 26,656, நாலு வாரத்துக்கு 1,06,624 யென், நம்ம காசுல சுமாரா 60,000 ரூபா. இதுல ரூம், சாப்பாடு, பஸ், இன்சூரன்ஸ், ஃபீஸ் எல்லாம் கழிக்கணும். 40,000 எங்கேர்ந்து வரும்? 28 மணி நேரத்தைத் தாண்டினாத்தான் வரும், தாண்டி மாட்டினா விசா நீட்டிப்பு போச்சு. நாஹாவுல கன்வீனியன்ஸ் ஸ்டோர் கவுண்டர்ல நேபாளப் பசங்க நிறைய பேர் நிக்கிறாங்க, ராத்திரி ஷிஃப்ட் முடிச்சிட்டு காலைல கிளாஸ்ல தூங்கி வழியற கதை தெரிஞ்ச ஒருத்தர் பையன் மூலமா கேட்டிருக்கேன். அந்த ஊர்க்காரங்களே சம்பளம் பத்தாம ஒசாகாவுக்கும் கவாசாகிக்கும் நூறு வருஷமா கிளம்பிப் போறாங்க. பையனுக்கு ஜப்பானிய மொழி மேல நிஜமாவே ஆசைன்னா முதல்ல இங்கயே ஒரு கிளாஸ்ல சேர்த்து ஜப்பானிய மொழித் தேர்வுல என்4ங்கற நிலையை பாஸ் பண்ண வைங்க, அப்புறம் போகட்டும். ஏஜென்ட்கிட்ட அந்த 40,000 கணக்கை ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்து போட்டுத் தரச் சொல்லுங்க. எழுதித் தந்தார்னா எனக்கு ஒரு ஜெராக்ஸ் அனுப்புங்க.