ஷட்டில் ஆடும்போது கெண்டைக்கால் சதை இழுத்துக்கிச்சு. எண்ணெய் போட்டு உருவலாமா? எத்தனை நாள்ல திரும்ப ஆடலாம்?

உருவ வேண்டாம்ங்க, அதை முதல்லயே சொல்லிடறேன். முதல் மூணு நாள் உருவறது, சுடுதண்ணி ஒத்தடம், தைலம் போட்டு அழுத்தித் தேய்க்கறது எதுவுமே கூடாது, ஏன்னா உள்ள சதை நார் கிழிஞ்சு ரத்தம் கசிஞ்சிருக்கும், அதைப் போய் அழுத்தினா கசிவும் வீக்கமும் இன்னும் கூடும். ராத்திரி தூக்கத்துல கெண்டைக்கால் பிடிச்சுக்கும்போது உருவினா விட்டுடுதுல்ல, அதனால இதுக்கும் அதையேதான் வீட்ல பண்ணப் பார்ப்பாங்க. அது வெறும் பிடிப்பு, இது கிழிசல்.

எனக்கும் ஷட்டில்லதான் ஆச்சு. நெட்டுகிட்ட விழற பந்தை எடுக்க ஓடினப்போ பின்னாடி யாரோ கால்லயே அடிச்ச மாதிரி இருந்துச்சு. நாற்பதை ஒட்டின வயசுல ஆடறவங்களுக்கு இது ரொம்ப சகஜம். மேல்பக்கம் இருக்கற பெரிய சதை முட்டி, கணுக்கால் ரெண்டையும் தாண்டிப் போகுது, முட்டியை நீட்டி வச்சு திடீர்னு முன்பாதத்தை ஊன்றித் தள்ளும்போது அதோட உள்பக்கம்தான் பெரும்பாலும் கிழியும்.

ஆனா ரெண்டு விஷயத்துக்கு தாமதிக்காம டாக்டர்கிட்ட போங்க. குதிகாலுக்கு மேல இருக்கற தசைநார்ல பள்ளம் தெரிஞ்சாலோ, நுனிக்கால்ல எந்திரிக்கவே முடியலைன்னாலோ அந்த நாரே அறுந்திருக்கலாம். அப்புறம் கால் நாளுக்கு நாள் வீங்கி, சூடா, சிவந்து இருந்தா ரத்தக்கட்டியான்னு ஸ்கேன் பண்ணிப் பார்க்கணும், கூடவே மூச்சு வாங்கினா நேரா எமர்ஜென்சிதான்.

அதெல்லாம் இல்லைன்னா ஐஸைத் துணில சுத்தி 10, 15 நிமிஷம் வைங்க, கிரேப் பேண்டேஜ் கட்டுங்க (விரல் மரத்துப் போற அளவுக்கு இறுக்காதீங்க), படுக்கும்போது காலைத் தலையணை மேல வைங்க. ரெண்டு செருப்புலயும் குதிகால் பக்கம் சின்ன பேட் வச்சா நடக்கும்போது சதை இழுபடறது குறையும், எனக்கு நிஜமாவே அதுதான் பெரிய உதவியா இருந்துச்சு. முழுசா படுத்தே கிடக்க வேண்டாம், வலி கூடாத அளவுக்கு கணுக்காலை மேலும் கீழும் ஆட்டிட்டே இருங்க.

லேசான இழுப்புன்னா ஒண்ணுலேர்ந்து மூணு வாரம், பாதி கிழிஞ்சிருந்தா ஒண்ணு ரெண்டு மாசம், முழுசா அறுந்திருந்தா அதுக்கும் மேல ஆகும். பிரச்சனை என்னன்னா சாதாரணமா நடக்கும்போது வலி சீக்கிரமே போயிடும், உடனே ராக்கெட்டைத் தூக்கிட்டு கிளம்பிடறாங்க, அதே எடத்துல திரும்பக் கிழியுது. வலி போனதுக்கும் பலம் வந்ததுக்கும் சம்பந்தமே இல்லைங்க, என் பிசியோ இதைத் திரும்பத் திரும்ப சொல்வாரு. அதனால முதல்ல நாற்காலில உக்காந்து குதிகாலைத் தூக்கிப் பழகுங்க, இது உள்ள இருக்கற சோலியஸ் சதைக்கு. அப்புறம் சுவரைப் பிடிச்சிட்டு நின்னு ரெண்டு கால்ல, அது வலிக்காம வந்ததும் ஒத்தைக்கால்ல. மெதுவா எறக்கணும், அதுலதான் பலமே வருது. நல்ல காலால எத்தனை தடவை முடியுதோ (20, 25 பக்கம் வரணும்) அடிபட்ட காலாலயும் அத்தனை வந்தப்புறம் மெல்லோட்டம், அப்புறம் ஒத்தைக்கால்ல குதிச்சுப் பாருங்க, அதுலயும் வலி இல்லைன்னா கோர்ட்டுக்குப் போகலாம். போனாலும் முதல் கொஞ்ச நாள் டபுள்ஸ் மட்டும் ஆடுங்க, ஒத்தைக்கால் பயிற்சியை விட்டுடாதீங்க.