சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் அதே வேலையைத் தொண்டாகவும் செய்யலாமா?

கேள்வி: அமெரிக்காவில் வார இறுதித் தமிழ்ப் பள்ளி நடத்துகிறோம், லாப நோக்கமில்லாத அமைப்பு. ஆசிரியர்கள் எல்லாரும் தொண்டர்கள். அலுவலகத்தில் மட்டும் ஓர் அம்மா மணிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறார். மாணவர் சேர்க்கை சமயத்தில், "கூடுதல் நேரத்துக்குக் காசு வேண்டாம், தொண்டாக இருக்கட்டும்" என்கிறார். எழுதி வாங்கிக்கொண்டால் போதுமா?

பதில்: போதாது. அவர் மனசாரத்தான் சொல்கிறார். ஆனால் குறைந்தபட்சச் சம்பளமும் ஓவர்டைமும், 1938-இல் வந்த கூட்டாட்சித் தொழிலாளர் சட்டப்படி, தொழிலாளி நினைத்தாலும் விட்டுக்கொடுக்க முடியாத உரிமைகள்.

அலமோ அறக்கட்டளை வழக்கில் இதுதான் நடந்தது. பெட்ரோல் பங்க், துணிக்கடை, பன்றிப் பண்ணை என்று அந்த மத அமைப்பு பல தொழில்கள் நடத்தியது. அங்கே உழைத்தவர்களே வந்து, நாங்கள் தொண்டர்கள், சம்பளம் வேண்டாம் என்றார்கள். 1985-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. சாப்பாடு, உடை, தங்குமிடம் எல்லாம் அமைப்பை நம்பியே இருந்ததால், அதுவும் கூலிதான் என்றது.

ஆகவே அந்த அம்மா சேர்க்கைப் படிவங்களை இரவு வீட்டில் உட்கார்ந்து கணினியில் ஏற்றினாலும் அது அவருடைய வேலை நேரம். வாரம் 40 மணியைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு. ஆண்டு விழாவில் நாற்காலி போடுவது, இட்லி பரிமாறுவது வேறு கதை. வழக்கமான வேலைக்குச் சம்பந்தமில்லாததை, வேலை நேரத்துக்கு வெளியே, அவராகவே விரும்பிச் செய்தால் தொண்டுதான். 'போகாவிட்டால் வருத்தப்படுவார்களோ' என்ற பயத்தில் வந்தால் அப்படிச் சொல்ல முடியாது.

ஆசிரியர்களுக்குப் புத்தகச் செலவு, பெட்ரோல் செலவைத் திருப்பிக் கொடுக்கலாம். சின்ன அன்பளிப்பும் சரி. வகுப்புக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்து கிஃப்ட் கார்டு கொடுத்தால் மட்டும் அது சம்பளமாகத் தெரியும்.

நம்முடையது சின்னப் பள்ளிதானே என்று விட்டுவிடாதீர்கள். அமைப்புக்குச் சட்டம் பொருந்தாவிட்டாலும், வெளிமாநிலங்களோடு வழக்கமாகக் கடிதமும் பணமும் கையாளும் ஊழியருக்குத் தனியாகப் பொருந்தலாம். மாநிலச் சட்டம் இன்னும் கடுமையாக இருக்கலாம். பாக்கி என்று வந்தால் 2 வருஷத்துக்கு, தெரிந்தே செய்திருந்தால் 3 வருஷத்துக்குக் கேட்பார்கள். அதே அளவு தொகை மேலே சேரும்.

சம்பளத்தை முழுசாகக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் அவராக நன்கொடை தந்தால் ரசீது போட்டு வாங்கிக்கொள்ளலாம். நீங்களாகக் கேட்காதீர்கள், ஜாடைமாடையாகக்கூட.