கற்றாழை பூசினால் அரிக்கிறதா?

மஞ்சக்குப்பத்திலிருந்து கேட்ட சகோதரிக்கு: தொட்டிக் கற்றாழையை அறுத்ததும் முகத்தில் தேய்த்தேன், ஒரே அரிப்பு, மிச்ச ஜெல்லும் புளித்துவிட்டது என்கிறீர்கள். அரிப்புக்குக் காரணம் பெரும்பாலும் மடலின் தோலுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் பால்தான். மடலை அறுத்து, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி டம்ளரில் கால் மணி நேரம் நிறுத்தி வையுங்கள், மஞ்சளாக வடியும். அப்புறம் தோலைத் தடிமனாகவே சீவி, உள்ளே இருக்கும் கண்ணாடிச் சதையை நன்றாகக் கழுவுங்கள். முதலில் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பாருங்கள். அப்போதும் அரித்தால் கற்றாழை உங்களுக்கு ஆகாது, விட்டுவிடுங்கள். முகத்தில் தடிப்பு இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

புளித்ததில் என்ன ஆச்சரியம்? கடலூர்ப் புழுக்கத்தில் இட்லி மாவே பொங்கி வழிகிறது. பிரிட்ஜில் வைத்தாலும் இரண்டு மூன்று நாள்தான். செடிதான் வீட்டிலேயே இருக்கிறதே, அவ்வப்போது ஒரு துண்டு அறுத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சைச் சாறு மட்டும் கலக்காதீர்கள். வெயில் பட்டால் முகம் எரிந்து கறுத்துவிடும்.