ஒரு வரி முன்னால்

கேள்வி: என் தம்பிக்கு 20 வயது. நன்றாகப் பாடுவான், சொந்தமாக மெட்டும் போடுவான். ஒரு தயாரிப்பாளர், "அவசரப்படாதே, ரெண்டு வருஷம் என்கிட்ட இரு, வளர்த்து விடறேன்" என்று சொல்லியிருக்கிறார். ஒரு பாட்டு வைரலானால் உண்டு, இல்லையென்றால் இல்லை என்று ஆகிவிட்ட காலத்தில் யாராவது இப்படிப் பொறுமையாக வளர்ப்பார்களா? அந்தக் காலத்திலாவது அப்படி நடந்ததா?

பதில்: நடந்தது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், வெஸ்ட் கிராண்ட் புலவார்டில், ஒரு சாதாரண வீட்டில் நடந்தது. பெர்ரி கோர்டி 1959-இல் தன் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி ஆரம்பித்த ரெக்கார்டு கம்பெனி அது. மோட்டவுன் என்றால் இன்று உலகத்துக்கே தெரியும். அதற்கு முன் அவர் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வெறும் இரும்புச் சட்டமாக ஒரு பக்கம் நுழைவது மறுபக்கம் பளபளக்கும் காராக வெளியே போவதைத் தினமும் பார்த்தவருக்கு, பாடகர்களையும் அப்படிப் படிப்படியாக உருவாக்க முடியும் என்று தோன்றியிருக்கிறது.

1960-இல் பள்ளிக்கூடத்துப் பெண்கள் சிலர் அங்கே பாடிக் காட்டினார்கள். "முதலில் படிப்பை முடித்துவிட்டு வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார் கோர்டி. அவர்கள் விடவில்லை. பள்ளி விட்டதும் நேராக ஸ்டுடியோவுக்கு வந்து உட்கார்ந்துகொள்வார்கள். யாருடைய பாட்டுக்காவது கைதட்டல் வேண்டுமா, தட்டுவார்கள். கோரஸ் வேண்டுமா, பாடுவார்கள். 1961 ஜனவரியில் ஒப்பந்தம் கிடைத்தது. 'சுப்ரீம்ஸ்' என்ற பெயரும் அப்போதுதான் வந்தது. அதன்பின் 1963 நடுப்பகுதி வரை வந்த ஆறு ரெக்கார்டுகளில் ஒன்றுகூட அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையில் முதல் 40 இடங்களுக்குள் நுழையவில்லை. 'ஹிட் இல்லாத சுப்ரீம்ஸ்' என்று சொந்தக் கம்பெனியிலேயே கேலி பேசினார்கள். ஆனாலும் கோர்டி அவர்களைக் கைவிடவில்லை.

1964-இல் வந்தது 'வேர் டிட் அவர் லவ் கோ'. வேறொரு குழு வேண்டாம் என்று தள்ளிவிட்ட பாட்டு. சுப்ரீம்ஸுக்கும் அது பிடிக்கவில்லை. தள்ளிவிட்ட குழுவின் பாடகிக்கு ஏற்ற தாழ்ந்த சுருதியில் இசை ஏற்கெனவே பதிவாகியிருந்ததால், மேலே ஏறிப் பாடிப் பழகிய சுப்ரீம்ஸின் டயானா ராஸ் கீழே இறங்கிப் பாடவேண்டி வந்தது. அந்த இறக்கத்தில்தான் நாம் இன்று டயானா ராஸின் குரல் என்று அறிகிற குரல் கிடைத்தது. அந்த ஆகஸ்டில் அமெரிக்காவின் முதல் இடம். அடுத்தடுத்து வந்த நான்கு பாட்டும் முதல் இடம். இதை அதிர்ஷ்டம் என்பார்கள். சரி, இருக்கட்டும். ஆறு தோல்விக்குப் பிறகும் அந்த மூன்று பேரும் மைக் முன்னால் நின்றுகொண்டிருந்ததால்தானே அந்த அதிர்ஷ்டம் அவர்களைத் தேடி வந்தது?

அப்புறம் பயிற்சி. மேக்சின் பவல் என்ற அம்மையார் எப்படி நடப்பது, எப்படி உட்காருவது, பேட்டியில் எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுத்தார். சோலி அட்கின்ஸ் காலணியால் தரையைத் தட்டித் தாளம் போட்டு ஆடும் 'டேப்' நடனத்தில் பழைய கை. ஆடி முடித்து மைக்குக்குத் திரும்பும்போது அடுத்த வரிக்கு மூச்சு மிச்சம் இருக்கிற மாதிரி அடவுகளை அமைத்தவர். ஆடிக்கொண்டே பாடிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இதையெல்லாம்விட என் மனதில் நிற்பது வேறொரு காட்சி. கண் பார்வையில்லாத ஸ்டீவி வொண்டரை 11 வயதில் ஒப்பந்தம் செய்தார்கள். 1963-இல், 13 வயதில், அவர் பாட்டு முதல் இடத்துக்குப் போனது. பிறகு குரல் உடைந்தது. தொடர்ந்து வந்த பாட்டுகள் எடுபடவில்லை, அனுப்பிவிடலாமா என்று பேச்சு எழுந்தது. "எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள், அவனிடம் ஒரு ஹிட் எடுக்கிறேன்" என்று கேட்டு வாங்கியவர் சில்வியா மாய் என்ற பாடலாசிரியை. அந்தப் பையன் பியானோவில் தட்டிக்கொண்டிருந்த துண்டு துணுக்குகளையெல்லாம் உட்கார்ந்து கேட்டார். ஒன்றில் ஒரு பொறி இருந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் 1965 கடைசியில் வந்த 'அப்டைட்'. பதிவின்போது வரிகள் பிரெய்லில் இல்லை. அதனால் சில்வியா ஒவ்வொரு வரியையும் ஒரு வரி முன்னதாக ஹெட்போனில் சொல்லச் சொல்ல, ஸ்டீவி அதைக் கேட்டபடியே முந்தின வரியைப் பாடினார். நான் வளர்ப்பது என்று சொல்வது இதைத்தான். பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வரி முன்னால் இருப்பது.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை மறைத்தால் உங்கள் தம்பிக்குத் துரோகம் செய்ததாகும். சுப்ரீம்ஸுக்கு அந்த ஹிட்டுகளை எழுதித் தயாரித்த ஹாலந்து சகோதரர்கள் இருவர், டோசியர் ஆகிய மூவரும் பணத்தகராறில் விலகிப்போய், வழக்கு நீதிமன்றம் வரை போனது. குழுவை ஆரம்பித்த பெண்களில் ஒருவரான ஃப்ளாரன்ஸ் பல்லார்ட் 1967-இல் நீக்கப்பட்டார். 1976-இல், 32 வயதிலேயே இறந்துபோனார். பொறுமையாக வளர்த்த அதே இடத்தில்தான் இதுவும் நடந்தது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். இரண்டு வருடம் என்பது அதிகமில்லை. ஆனால் 'என்கிட்ட இரு' என்பதற்கு அர்த்தம் வேண்டும். சுப்ரீம்ஸ் காத்திருந்த காலத்தில் வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை, பாடிக்கொண்டே இருந்தார்கள், ரெக்கார்டுகளும் வெளிவந்துகொண்டே இருந்தன. ஆகவே தம்பியைத் தயாரிப்பாளரிடம் நேராகக் கேட்கச் சொல்லுங்கள். வாரத்தில் எத்தனை நாள் நான் மைக் முன்னால் நிற்பேன்? என் மெட்டுகளை உட்கார்ந்து கேட்கப்போவது யார்? பதிவுச் செலவு யார் கணக்கில் ஏறும்? நானே போட்ட மெட்டு யார் பெயரில் இருக்கும்? இரண்டு வருடத்தில் எதுவும் வெளிவரவில்லை என்றால் நான் கிளம்பலாமா?

அவர் சொல்லும் பதில்களைக் காகிதத்தில் எழுதி வாங்கி, கையெழுத்துப் போடும் முன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். பொறுமை உள்ள தயாரிப்பாளருக்கு அந்த ஒரு வாரம் காத்திருப்பது பெரிய விஷயமே இல்லை.